செல்லக்கண்ணுவின் வலது கண்

நீங்கள் இந்த வேலையில் சேர்ந்த செய்தியை வீட்டில் சொன்னபோது என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். மெடிக்கல் கோடிங் என்றதும் பாதிப் பேர் கம்ப்யூட்டர் வேலை என்றிருப்பார்கள். மீதிப் பேர் முழங்கால் வலிக்கு என்ன மாத்திரை போடலாம் என்று கேட்டிருப்பார்கள். துபாயில் இந்த வேலையைப் பார்த்து ஓய்வும் பெற்றுவிட்டேன். இன்றைக்கும் என் மாமியார் என்னை அறிமுகப்படுத்துவது, "மாப்ள ஆஸ்பத்திரியில நம்பர் போடறவர்" என்றுதான். வாசலில் டோக்கன் கொடுக்கிறவன் என்று ஊரில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

மாமியார் சொல்வதில் பிழை இல்லை. டாக்டர் எழுதியதைப் படிக்கிறோம், அந்த நோய்க்கு உரிய எண்ணைப் புத்தகத்தில் தேடிப் போடுகிறோம். அந்த எண்ணைப் பார்த்துத்தான் இன்ஷூரன்ஸ்காரர்கள் ஒத்துக்கொள்வதும் கைவிரிப்பதும். புத்தகத்தில் எண்களுக்குப் பஞ்சமே இல்லை. வாத்து கொத்தினால் ஓர் எண். வாத்து வந்து மோதினால் வேறோர் எண். வளைகுடாவில் நான் இருந்த காலம் முழுக்க வாத்தால் பாதிக்கப்பட்ட ஒருவர்கூட வரவில்லை. ஒட்டகத்துக்குத் தனியாக எண் இருந்ததாக எனக்கு நினைவில்லை. புத்தகம் எழுதியவர்கள் எங்கே உட்கார்ந்து எழுதினார்கள் என்று இதிலிருந்தே நீங்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

எந்த எண்ணை எங்கே தேடுவது என்பதை உங்களுக்கு வகுப்பில் சொல்லித்தருவார்கள். வகுப்பில் வராத ஒன்றை நான் சொல்கிறேன். நான் போட்ட ஓர் எண்ணால் ஒரு மனிதன் நான்கு நாள் பாடிக்கொண்டே குளிக்க வேண்டியிருந்தது.

விலங்கியல் படித்து, லேபில் பல வருடம் ரத்தம் எடுத்து, நாற்பதைத் தாண்டிய பிறகு தேர்வெழுதி இந்த வேலைக்கு வந்தவன் நான். இது நடந்தபோது வேலையில் எனக்கு நான்காவது மாதம். எங்கள் கிளினிக்குக்கு நாலைந்து கிளைகள். எல்லாக் கிளைகளின் குறிப்புகளும் எண் போடுவதற்காக பர் துபாய் ஆபீசுக்கு வரும். ஆபீஸ் என்றால் ஒரு புடவைக் கடைக்கு மேலே இரண்டு அறை. கீழே ஏதாவது கல்யாணக் கோஷ்டி புடவை எடுக்க வந்தால், "இந்தக் கலர் வேண்டாம், அந்தக் கலர்" என்கிற சத்தத்தில் எங்களுக்குச் சர்க்கரை நோயும் ரத்த அழுத்தமும் குழம்பிப்போகும்.

ஒரு திங்கட்கிழமை காலை ராஸ் அல் கைமா கிளையிலிருந்து ஒரு குறிப்பு வந்தது. சிமெண்ட் ஃபேக்டரி ஊழியர். வயது முப்பத்தெட்டு. பெயர் செல்லக்கண்ணு. மேலே 'பொது மருத்துவம்' என்று போட்டிருந்தது. கீழே டாக்டர் எழுதியிருந்ததைத் தமிழில் சொன்னால் இவ்வளவுதான்:

'ஓ.டி., நேற்று முதல். கண்ணீர் மிகுதி. அறை நண்பரிடம் மாத்திரை வாங்கித் தானாகவே போட்டிருக்கிறார். மூன்று நாள் வேலைக்கு அனுப்ப வேண்டாம்.'

ஓ.டி. என்றால் ஓவர்டோஸ், அதாவது மருந்தை அளவுக்கு மீறிச் சாப்பிடுவது. கண் டாக்டர்களின் லத்தீனில் அதே ஓ.டி. என்றால் வலது கண். இந்த இரண்டாவது அர்த்தம் எனக்குத் தெரியாதா என்றால், நன்றாகத் தெரியும். தேர்வில் வந்தது. சரியாக எழுதி மதிப்பெண்ணும் வாங்கினேன். ஆனால் தலைப்பில் பொது மருத்துவம் என்று இருந்தது. வழக்கமான டாக்டர் அன்றைக்கு லீவு என்பதும், அவருடைய இடத்தில், அவருடைய லாகினிலேயே, அதே ஊரில் வேறோர் ஆஸ்பத்திரியிலிருந்து வாரம் இரண்டு நாள் வருகிற கண் டாக்டர் உட்கார்ந்து எழுதினார் என்பதும் எனக்குத் தெரியாது. மருந்துச் சீட்டு அடுத்த திரையில் இருந்தது. ஒரு கிளிக். அதை நான் செய்யவில்லை.

ஏனென்றால் எனக்கு அழுகை வந்துவிட்டது. ஊரை விட்டு வந்த மனுஷன். சிமெண்டுத் தூசிக்குள் வேலை. யாரிடமும் சொல்ல முடியாத ஏதோ ஒரு துக்கம். மாத்திரையை வாங்கி விழுங்கியிருக்கிறான். டாக்டர் முன்னால் கண்ணீர் மிகுதி!

புத்தகத்தில் ஓவர்டோஸுக்குள்ளேயே பிரிவுகள் உண்டு. தவறுதலாகச் சாப்பிட்டதற்கு ஓர் எண், வேண்டுமென்றே சாப்பிட்டதற்கு ஓர் எண். டாக்டர் காரணம் எழுதவில்லையென்றால் தவறுதல் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. நானோ 'கண்ணீர் மிகுதி'யை இன்னொரு முறை படித்துவிட்டு, 'வேண்டுமென்றே' என்கிற எண்ணைப் போட்டேன். எங்கள் டீம் லீட் ஒரு திருச்சூர்க்காரப் பெண். என்னைவிடப் பத்து வயது சின்னவர். அவரிடம் போய், "மேடம், சாதாரணக் கேஸ் மாதிரி வந்துச்சு, நான் பிடிச்சுட்டேன்" என்று பெருமையாகச் சொல்லவும் செய்தேன்.

"பாவம்" என்றார் அவர். நானும் பாவம் என்றேன். மாலையில் ஆபீசுக்குப் பக்கத்துக் கோவில் சந்தில் ஒரு முழம் பூ வாங்கி, முகம் தெரியாத செல்லக்கண்ணுவுக்காகச் சாமி கும்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். ஒரு கண்ணில் தூசி விழுந்ததற்கு இவ்வளவு பக்தியாக யாரும் வேண்டியிருக்க மாட்டார்கள்.

எங்கள் சிஸ்டத்தில் அப்போது ஒரு பொல்லாத வசதி இருந்தது. எண்ணை உறுதி செய்ததும், அந்த எண்ணின் விளக்கம் சிக் லீவ் தாளில் தானாக அச்சாகிவிடும். கம்பெனி ஆள் கிளைக்கு வந்து அந்தத் தாளை வாங்கிக்கொண்டு போவார். திங்கட்கிழமை மதியமே வாங்கிப் போய்விட்டார்.

வியாழக்கிழமை காலை ஆபீசுக்கு ஒரு போன் வந்தது. கிளையில் யாருக்கும் பதில் தெரியாமல் ஒவ்வொருவராக மாற்றிவிட்டு, கடைசியில் எங்கள் அறைக்கு வந்திருந்தது. நான்தான் எடுத்தேன்.

"சார், ராஸ் அல் கைமா கேம்ப்ல இருந்து பேசுதேன். நான் இங்க கேம்ப் பாஸ். நாகர்கோவிலு." தொழிலாளர் குடியிருப்பைப் பார்த்துக்கொள்கிறவரை வளைகுடாவில் கேம்ப் பாஸ் என்பார்கள். குரலில் தூக்கம் இல்லாத களைப்பு. "நம்ம ஆளு ஒருத்தன், செல்லக்கண்ணுன்னு பேரு. அவன இன்னும் எத்தன நாளு காவல் காக்கணும்னு டாக்டர்ட்ட கேட்டுச் சொல்லணும்."

"காவலா? எதுக்குங்க?"

"மருந்து குடிச்ச கேஸுல்லா சார்! உங்க பேப்பர்லதான போட்டிருக்கு. ரெண்டு ரெண்டு பேரா ஷிஃப்ட் போட்டு உக்கார வச்சிருக்கேன். பயலுவளுக்கு முடியல, பாத்துக்கிடுங்க."

எனக்குப் பெயர் நினைவு வந்தது. குறிப்பைத் திறந்துகொண்டே, "இப்ப எப்படி இருக்கார்?" என்றேன்.

"பேச்சு மூச்சு இல்ல. அழுகை மட்டும் நிக்கல. அதுலயும் ஒரு அதிசயம் சார், ஒத்தக் கண்ணுலதான் அழுகை."

என் கை மவுஸின் மேலேயே நின்றுவிட்டது.

"எந்தக் கண்ணு?"

"வலது."

அந்த இன்னொரு திரையை இப்போது திறந்தேன். கண்ணுக்கான சொட்டு மருந்து. கண்ணுக்கான களிம்பு. வயிற்றைக் கழுவியதாக ஒரு வரி இல்லை, மனநல டாக்டரைப் பார்க்கச் சொல்லி ஒரு வரி இல்லை. அறை நண்பரிடம் வாங்கிப் போட்டது தலைவலி மாத்திரை, ஒன்று.

"கேம்ப் பாஸ், அவருக்கு ஒரு சொட்டு மருந்து குடுத்திருப்பாங்களே, அத ஊத்துறாரா?"

"அதெப்படி சார் குடுப்பேன்? எல்லாத்தையும் வாங்கிப் பூட்டியாச்சு. மருந்துன்னு ஒரு சாமான் அவன் கையில கெடைக்காது. தலைவலித் தைலம்கூட இல்ல. நீங்க ஒண்ணுக்கும் பயப்படாண்டாம்."

"ஐயோ, அத உடனே எடுத்துக் குடுங்க! அவருக்குக் கண்ணுலதான் பிரச்சினை. வேற ஒண்ணும் இல்ல!"

"சார், நீங்க போன்ல சொல்லுதீக. பேப்பர் வேற சொல்லுது. நாளைக்கு ஏதும் ஆச்சுன்னா என் தலதான் போவும். பேப்பர் கொண்டாங்க, சொட்டு தாரேன்."

போனை வைத்துவிட்டு டீம் லீடிடம் போய்ச் சொன்னேன். அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வாயைப் பொத்திக்கொண்டார். சிரிப்பா திகிலா என்று தெரியவில்லை. இரண்டும் என்று நினைக்கிறேன்.

"சாரே, நம்பரை மாத்தி பிரிண்ட் எடுக்கு. சிஸ்டம் எரர்னு ஒரு மெயில் போடு. கலாஸ், காரியம் முடிஞ்சுது."

மெயில் போடலாம்தான். மெயில் யாரோ படித்து, யாரோ கேம்புக்குச் சொல்லி, கேம்ப் பாஸ் நம்பிப் பூட்டைத் திறப்பதற்குள் அந்தக் கண் என்ன ஆகும்? கண் டாக்டரைக் கூப்பிட்டேன். நோயாளிகளோடு இருக்கிறார், மாலையில் கூப்பிடுங்கள் என்றார்கள். திருத்திய தாளை அச்செடுத்துப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். வழியெல்லாம் என் மனதில் ஓடிய ஒரே சிந்தனை, 'சிஸ்டம் எரர்' என்பதை எந்த முகபாவத்தோடு சொன்னால் நம்புவார்கள் என்பதுதான்.

கேம்ப் பாஸ் வாசலிலேயே நின்றார். தாளை இரண்டு முறை படித்தார், வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், பிறகு தாளைத் திருப்பித் தந்துவிட்டு, இடுப்புச் சாவியை எடுத்துப் பெட்டியைத் திறந்து சொட்டு மருந்தைக் கொடுத்தார். அந்தப் பெட்டிக்குள் எட்டு ரேசர், மூன்று நகவெட்டி, ஒரு காய்கறிக் கத்தி, சுருட்டி வைத்த ஒரு நைலான் கயிறு, ஓர் ஊசி நூல் டப்பா எல்லாம் இருந்தன.

அறைக்குள் போனதும்தான் அவற்றின் பலன் தெரிந்தது. எட்டுப் பேர் இருக்கும் அறை. எட்டுப் பேருக்கும் நாலு நாள் தாடி. துணி காயப்போடும் கயிறு போய்விட்டதால் ஈரச் சட்டைகள் கட்டில் கம்பிகளில் தொங்கின. கத்தி இல்லாததால் ஒருவர் வெங்காயத்தைத் தரையில் வைத்துக் கைமுஷ்டியால் குத்திக்கொண்டிருந்தார். அதனால் அறையில் இருந்த அத்தனை பேர் கண்ணிலும் தண்ணீர். எதிரே ஒரு போனில் விடாமல் காமெடிக் காட்சி ஓடிக்கொண்டிருந்தது. கீழ்க்கட்டிலில், தலையணை மூன்றை முட்டுக் கொடுத்து, மாப்பிள்ளை மாதிரி உட்கார வைக்கப்பட்டிருந்தவர்தான் செல்லக்கண்ணு. இடது கண் சாதாரணமாக இருந்தது. வலது கண் மிளகாய்ப் பழம்.

பக்கத்தில் தோளோடு தோள் ஒட்டிக்கொண்டு ஓர் இளவட்டம். "நான் பாண்டி சார், சிவகங்கை. அண்ணனுக்கு இப்ப என் ட்யூட்டி" என்றான்.

"குளிக்கப் போனாலுமா?"

"தாப்பாளக் கழட்டிட்டோம்ல. அண்ணன் குளிச்சு முடிக்கிற வரைக்கும் பாடிக்கிட்டே இருக்கணும். பாட்டு நின்னா உள்ள பாஞ்சிருவோம்."

"சோப்பு வாயில போவுது சார்" என்றார் செல்லக்கண்ணு. அவர் பேசிய முதல் வார்த்தை அது.

நான் முதலில் அவர் கண்ணில் சொட்டு மருந்தை ஊற்றினேன். அவர் பல்லைக் கடித்துக்கொண்டார். பிறகு அவரோடு தனியாகப் பேச வேண்டும் என்றேன். மற்றவர்கள் வெளியே போனார்கள். பாண்டி மட்டும் அசையவில்லை. ட்யூட்டியில் இருப்பதாகச் சொன்னான். கடைசியில் இரண்டு காதிலும் விரலை விட்டுக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார ஒத்துக்கொண்டான்.

"செல்லக்கண்ணு, தப்பு எங்க பக்கம். உங்களுக்குக் கண்ணுல தூசி விழுந்ததுக்கு, மருந்து குடிச்சதா பேப்பர் வந்துடுச்சு. எல்லாத்தையும் திருத்திட்டுப் போகத்தான் வந்திருக்கேன்."

அவர் பாண்டியைப் பார்த்துவிட்டு, என் பக்கம் சாய்ந்து, ரகசியமாகச் சொன்னார்:

"திருத்த வேணாம் சார்."

"என்ன?"

"மொத நாளு நானும் சொல்லிப் பாத்தன். 'நா எதுக்குடா சாவப்போறன், தூசிடா'ன்னன். 'எல்லாரும் அப்புடித்தாண்ணே சொல்லுவாங்க'ன்னு தலயத் தடவறானுவ. ரெண்டாம் நாளு எச்.ஆர். கூப்புட்டு வுட்டாரு. 'வூட்டுக்குப் போறியா'ன்னு அவரே கேக்கறாரு சார்! மூணு வருசமா லீவு கேக்கறன். ஆளில்ல ஆளில்லன்னே சொல்லிட்டிருந்தாங்க. அதுக்கப்பறம் நா வாயே தொறக்கல. சொவத்தப் பாத்து ஒக்காந்துக்கிட்டன். நாளான்னிக்கு டிக்கெட்டு. நீங்க பாட்டுக்கு வந்து தூசின்னு சொல்லிட்டா?"

அந்த நிமிடம் எனக்கு வந்த நிம்மதியை உங்களிடம் மறைக்க மாட்டேன். திருத்த வேண்டாம் என்று பாதிக்கப்பட்டவரே கெஞ்சுகிறார். சொட்டு மருந்து கைக்கு வந்துவிட்டது. அவருக்கு லீவு, எனக்கு வேலை, யாருக்கும் நஷ்டம் இல்லை. பையில் இருக்கும் தாளை எச்.ஆரிடம் காட்டாமல் பஸ் ஏறினால் மாலைக் காப்பிக்கு வீட்டில் இருக்கலாம். உங்களுக்கும் ஒருநாள் இப்படி ஒரு வசதியான தவறு வரும். நம்மை எச்சரிக்கிற தவறைவிட நம்மைத் தட்டிக்கொடுக்கிற தவறுதான் ஆபத்து.

எழுந்திருக்கப் போனவன், ஏதோ நினைத்து, "டிக்கெட்டைக் காட்டுங்க" என்றேன்.

எச்.ஆர். தன் போனுக்கு அனுப்பியிருந்ததைக் காட்டினார். ஷார்ஜாவிலிருந்து திருச்சி. திருச்சியிலிருந்து ஷார்ஜா இல்லை. கீழே ஆங்கிலத்தில் இரண்டு வரி. ராஜினாமாவாகக் கருதி விசா ரத்து செய்யப்படும் என்று இருந்தது.

"இத யாராவது படிச்சுச் சொன்னாங்களா?"

"டிக்கெட்டுதான சார், அதுல படிக்க என்னா இருக்கு?"

படித்துச் சொன்னேன். இடது கண் என்னையே பார்த்தது. வலது கண்ணைத் திறக்க முடியவில்லை.

"அப்ப திரும்பி வர வேணாங்கறாங்களா?"

"ஆமா."

"பேக்கிங் மிஷினு எனக்கு மட்டுந்தான் சார் நல்லா ஓட்டத் தெரியும்" என்றார். அதைப் புகாராகச் சொல்லவில்லை. மிஷினை நினைத்துக் கவலைப்படுவது மாதிரி சொன்னார். பாண்டி காதிலிருந்து விரலை எப்போது எடுத்தான் என்று தெரியாது. "என்னண்ணே, விசாவக் கேன்சல் பண்றாய்ங்களா?" என்று அவன்தான் முதலில் எழுந்தான்.

மூவருமாக ஃபேக்டரி ஆபீசுக்கு நடந்தோம். எச்.ஆர். மேனேஜர் லக்னோக்காரர். தூய இந்தியில், தலையைப் பிடித்துக்கொண்டே பேசினார். அவர் கதை இது: கேம்ப் பாஸ் விஷயத்தை வெளியே விடக் கூடாது என்கிற நல்லெண்ணத்தோடு, 'அது ஒரு ஓ.டி. கேஸ்' என்று மட்டும் பக்கத்து அறைகளுக்குச் சொல்லியிருக்கிறார். நம் ஆட்களுக்கு ஓ.டி. என்றால் ஒன்றே ஒன்றுதான், ஓவர்டைம். ஓவர்டைம் பார்த்துப் பார்த்து ஒருத்தனுக்குப் புத்தி கலங்கி, ஒற்றைக் கண்ணால் அழுகிறான் என்று கேம்ப் முழுக்கப் பரவிவிட்டது. இரண்டு நாளாக ஒருவரும் ஓவர்டைமுக்கு வரவில்லை. இந்த ஆளை ஊருக்கு அனுப்பினால்தான் பேச்சு அடங்கும் என்று அவர் முடிவு கட்டிவிட்டார்.

நான் திருத்திய தாளை நீட்டினேன். "சிஸ்டம் எரர், சார்" என்றேன், பஸ்ஸில் பழகிய அதே முகத்தோடு.

"அச்சா. அப்படியென்றால் உங்கள் சிஸ்டம் இதுவரை அனுப்பிய எல்லாத் தாளிலும் எரர் இருக்கலாம். முதல் தாளை நம்பக் கூடாது என்றால் இரண்டாவதை மட்டும் எதற்கு நம்ப வேண்டும்?"

நியாயமான கேள்வி. நான் சொன்ன பொய், நான் கொண்டுவந்த உண்மையையும் சேர்த்துக் கெடுத்துவிட்டது. செல்லக்கண்ணு இடது கண்ணால் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாண்டி இரண்டு கண்ணாலும்.

"சிஸ்டம் இல்லை சார். நான்தான். டாக்டர் வலது கண் என்று எழுதியிருந்தார். நான் அதை ஓவர்டோஸ் என்று படித்தேன். கண்ணீர் என்று இருந்ததைப் பார்த்து, வேண்டுமென்றே சாப்பிட்டிருக்கிறார் என்று நானே முடிவு செய்தேன். டாக்டரைக் கேட்கவில்லை."

மேனேஜர் தலையிலிருந்து கையை எடுத்தார். "கண்ணில் என்ன?"

"தூசி."

"எங்கள் தூசியா?"

"உங்கள் சிமெண்ட்தான் சார்."

அவர் ஜன்னல் வழியாக ஃபேக்டரியைப் பார்த்தார். பிறகு, டாக்டரே நேரில் வந்து சொன்னால் நம்புகிறேன் என்றார். கண் டாக்டரை மறுபடி கூப்பிட்டேன். இந்த முறை எடுத்தார். நடந்ததைச் சொன்னேன். "அரே பாய், வருகிறேன்" என்றார்.

டாக்டர் ஹைதராபாத்காரர். தலை முழுக்க வெள்ளை. வந்தவர் யாருக்கும் வணக்கம் சொல்லவில்லை. செல்லக்கண்ணுவை மேனேஜரின் நாற்காலியிலேயே உட்கார வைத்து, டார்ச் அடித்துப் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் முகம் மாறியது.

"கருவிழியில் புண் ஆரம்பித்திருக்கிறது. சொட்டு மருந்து எத்தனை நாளாக இல்லை?"

"மூணு நாளு" என்றார் பின்னாலேயே வந்து நின்ற கேம்ப் பாஸ், சன்னமாக.

"இன்னும் இரண்டு நாள் போயிருந்தால் பார்வையை மறைக்கிற தழும்பு விழுந்திருக்கும்."

நான் போட்ட எண்ணை நினைத்தேன். அதைப் போட்டுவிட்டு நான் பூ வாங்கப் போனதையும் நினைத்தேன். மனசு நிறைய இரக்கம் இருந்தது. ஒரு கிளிக் மட்டும் இல்லாமல் போயிற்று.

டாக்டர் பேனாவை எடுத்துப் புதிதாகக் குறிப்பு எழுத ஆரம்பித்தார். முதல் வார்த்தையே 'ஓ.டி.' என்று விழுந்தது.

"டாக்டர், தயவுசெய்து..." என்றேன்.

"என்ன?"

"வலது கண் என்று முழுசாக எழுத முடியுமா?"

"பாய், டாக்டர் ஆன நாளிலிருந்து ஓ.டி. என்றுதான் எழுதுகிறேன். எந்த மடையனுக்காக நான் மாற்ற வேண்டும்?"

"எனக்காக, டாக்டர்."

அவர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னை அளந்தார். பிறகு 'ஓ.டி.'யை அடித்துவிட்டு, 'வலது கண்' என்று பெரிய எழுத்தில் எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டார். மருந்துச் சீட்டில் களிம்புக்கு நேராக, 'ஓ.டி. ஓ.டி.' என்று எழுதினார். வலது கண்ணில், தினம் ஒரு தடவை என்று பொருளாம். அதற்கும் அந்த எழுத்துதானாம். நான் பார்த்த பார்வையில் அதையும் அடித்துவிட்டு முழுசாக எழுதினார்.

கடைசி வரியை எழுதும்போது மேனேஜரிடம் திரும்பினார். "ஒரு வாரம் தினமும் என்னிடம் வரட்டும். அதன் பிறகு இரண்டு மாதமாவது இந்தக் கண்ணில் சிமெண்டு படக் கூடாது. ஃபேக்டரியில் தூசி இல்லாத இடம் இருக்கிறதா?"

மேனேஜர் யோசித்துப் பார்த்தார். அவர் மேஜையிலேயே தூசி இருந்தது.

"இவனுக்கு லீவு பாக்கி இருக்கிறதா?" என்றார் டாக்டர்.

"மூணு வருசம் சார்!" என்று மூன்று தமிழ்க் குரல்கள் ஒரே நேரத்தில் கேட்டன. ஒன்று என்னுடையது.

அன்றைக்கே பழைய டிக்கெட் ரத்தாகி, ஒரு வாரம் கழித்துப் போகவும் இரண்டு மாதம் கழித்துத் திரும்பவும் புது டிக்கெட் பதிவானது. நான் அதை முன்னும் பின்னும் சத்தமாகப் படித்துக் காட்டிய பிறகுதான் செல்லக்கண்ணு போனைப் பையில் போட்டார். அறைக்குத் திரும்பியதும் எட்டுப் பேரும் வரிசையில் நின்று சவரம் செய்துகொண்டார்கள். பாண்டி மட்டும், செல்லக்கண்ணு குளிக்கப் போனபோது பழக்க தோஷத்தில் கதவருகே போய் நின்றான். உள்ளேயிருந்து பாட்டும் கேட்டது. அவருக்கும் பழகிவிட்டது.

பர் துபாயில் எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது. கொடுத்த கையோடு டீம் லீட் ஒரு தேநீரும் வாங்கிக்கொடுத்தார். சிக் லீவ் தாளில் எண்ணின் விளக்கம் தானாக அச்சாகும் அந்தப் பொல்லாத வசதியை அந்த மாதமே எடுத்துவிட்டார்கள்.

உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். சந்தேகம் வந்தால் டாக்டரைக் கேளுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். அது சுலபம். எனக்கு அன்றைக்குச் சந்தேகமே வரவில்லை. முழுக் கதையும் கண் முன்னால் சினிமா மாதிரி ஓடியது. அப்படி ஒரு கதை ஓட ஆரம்பித்தால் கையை எடுத்துவிட்டு அடுத்த திரையைத் திறங்கள். டாக்டர் திட்டுவார். திட்டட்டும். டாக்டர் திட்டியதற்குப் புத்தகத்தில் எண் கிடையாது.

செல்லக்கண்ணு ஊருக்குப் போய் மூன்று வாரம் ஆனபோது, கண் எப்படி இருக்கிறது என்று கேட்கப் போன் செய்தேன்.

"கண்ணு பளிச்சுன்னு இருக்கு சார். ஆனா வூட்லதான் ஒரு பெரச்சன."

"என்ன ஆச்சு?"

"அந்தப் பாண்டிப் பய மொத நாளே எங்க வூட்டுக்குப் போன் பண்ணி, 'அண்ணி, பயப்படாதீங்க, அண்ணன் இன்னும் உசுரோடதான் இருக்காரு'ன்னு சொல்லிருக்கான் சார். நா வர்றதுக்குள்ள கெணத்துக்கு இரும்பு மூடி போட்டு வச்சிருக்கா எம் பொஞ்சாதி. நா எங்க போனாலும் கூடவே வர்றா. வயலுக்கு வர்றா, டீக்கடைக்கு வர்றா. நேத்து முடி வெட்டப் போனன், கடை வாசல்ல நின்னுக்கிட்டு இருக்கா."

எனக்கு மறுபடியும் பழைய குற்ற உணர்ச்சி வந்தது. "அவங்ககிட்ட போனைக் குடுங்க, நானே எடுத்துச் சொல்றேன். டாக்டர் எழுதின பேப்பரையும் அனுப்பி வைக்கிறேன்" என்றேன்.

"அய்யய்யோ!" என்று அலறினார் செல்லக்கண்ணு. பிறகு குரலைத் தாழ்த்தினார். பின்னால் யாரோ பாத்திரம் வைக்கும் ஓசை கேட்டது.

"கல்யாணமாயி பதினோரு வருசம் சார். ரெண்டு பேரும் சேந்தாப்புல ஒரு நாளு முழுக்க இருந்ததில்ல. இப்பத்தான் இருக்கறம். இன்னும் அஞ்சு வாரம் இருக்கு. அந்தப் பேப்பர மட்டும் அனுப்பிப்புடாதீங்க."

அனுப்பவில்லை.